ஷீல்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது: கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் நடத்தும் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, வெள்ளலூர், கீழவளவு என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் பிள்ளை அதுதான். யாரைக் கேட்பது, எதில் ஆரம்பிப்பது என்று தெரியாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினார். பள்ளி முதலிடத்துக்கான ஷீல்டு, பத்தாம் வகுப்பில் வாங்கிய ஷீல்டு, ஊர் இளைஞர் மன்றம் கொடுத்த கேடயம், ஏதோ ஒரு தனியார் ஒலிம்பியாடின் தங்கப் பதக்கம், நூற்றுக்கு நூறு வருகைக்கான சான்றிதழ். கண்ணாடிக் கேடயம் ஒன்றின் ஓரம் உடைந்திருந்ததைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். "தம்பி, இதையெல்லாம் எந்த இடத்துல ஏத்தணும்?" என்று கேட்டார். பொறியியல் விண்ணப்பத்தில் அதற்கு இடமே கிடையாது என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த ஷீல்டுகள் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை உழைத்ததற்கு அவை சாட்சி. ஆனால் சீட்டுக்கு உதவுவது ஒன்று, பணத்துக்கு உதவுவது இன்னொன்று, இரண்டுக்கும் உதவாமல் சுவரில் இருப்பது வேறொன்று. எது எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்தால், எதற்கு எவ்வளவு உழைப்பது என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

முதலில் கட்-ஆஃப் கணக்கைப் போடுங்கள்

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அதிலும் மொத்தம் 600-ஐ யாரும் பார்ப்பதில்லை. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆகமொத்தம் 200-க்குக் கட்-ஆஃப்.

மஞ்சப்பையோடு வந்த பிள்ளை 550 எடுத்துப் பள்ளியில் முதலிடம். தமிழ் 96, ஆங்கிலம் 95, கணினி அறிவியல் 97. கணிதத்தில் 84, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கட்-ஆஃப் போட்டால் 84 கூட்டல் 44 கூட்டல் 45, மொத்தம் 173. அதே வகுப்பில் படித்த இன்னொரு பெண் 532தான். ஆனால் கணிதம் 97, இயற்பியல் 92, வேதியியல் 94. அவளுக்குக் கட்-ஆஃப் 190. ஷீல்டு வாங்கியவளைவிட 17 கூடுதல். 17 என்பது தரவரிசையில் பல ஆயிரம் பேரைத் தாண்டுகிற இடைவெளி. 190 எடுத்தவள் கையில் மதிப்பெண் பட்டியலைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை.

ஆகவே பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு கணித மதிப்பெண் ஒரு முழுக் கட்-ஆஃப். ஒரு இயற்பியல் மதிப்பெண் அரைதான். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியலை. விடைத்தாளில் கூட்டல் தப்பியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், முடிவு வந்ததும் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாள்தான். முடிவு வந்த சந்தோஷத்தில் அதைத் தவறவிட்டவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

அரசுக் கலைக்கல்லூரிகளில் கணக்கு வேறு. மேலூர் அரசுக் கல்லூரிக்கோ மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரிக்கோ போட்டால், மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியம் என்றால் ஆங்கில மதிப்பெண். மருத்துவத்துக்கு நீட் தவிர வேறு வழியில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் பள்ளி முதலிடம் என்று சொல்லி ஒன்றும் நடக்காது.

இன்னொன்று. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. இன்றைக்கு ஃபிளெக்ஸ் பேனரில் நீங்கள் பார்க்கும் முதலிடமெல்லாம் பள்ளியும் டியூஷன் சென்டரும் போட்டுக்கொள்வது. அதைப் பார்த்து உங்கள் பிள்ளையை எடைபோட வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் வரும் 'இலவச அட்மிஷன்'

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இதில் நான் பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

என் அக்கா மகன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படித்தான். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ்ஸில் தேறியிருந்தான். 2022-இல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 478. முடிவு வந்த மூன்றாம் நாள் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பொன்னாடை, ஷீல்டு, "உங்க பையனுக்கு ரெண்டு வருஷமும் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் ஃப்ரீ" என்று ஒரு கடிதம். அக்கா என்னிடம்தான் கேட்டாள். "தாராளமா சேரு" என்று சொன்னவன் நான்தான்.

அந்த ஒரு கையெழுத்தில் என்னென்ன போயிற்று என்று பின்னால்தான் தெரிந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை தொடர்ந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இல் இருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-இல் இருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போன அன்றைக்கே அந்தத் தகுதி போய்விட்டது. என்எம்எம்எஸ் உதவித்தொகையும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ தொடர்ந்தால்தான் வரும். வருஷத்துக்கு 12,000 வீதம் கடைசி இரண்டு வருஷத்துக்கு 24,000 அப்படியே நின்றுபோனது.

பிளஸ் டூவில் அவனுக்குக் கட்-ஆஃப் 181. நல்ல மதிப்பெண்தான். ஆனால் பொதுப் பட்டியலில் போட்டியிட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் வங்கிக் கடன் வாங்கிப் படிக்கிறான். அவனோடு படித்து, 170-க்குக் கொஞ்சம் மேலே எடுத்து, அரசுப் பள்ளியிலேயே இருந்துவிட்ட பையன் ஒரு பைசா கட்டாமல் படிக்கிறான். அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

தனியார் பள்ளிக்கே போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பள்ளி கொடுப்பது இரண்டு வருஷக் கட்டணம். நீங்கள் விடுவது நான்கு வருஷக் கல்லூரிக் கட்டணமும் விடுதியும், அதோடு ஒதுக்கீட்டுச் சீட்டும். பெண்பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்து போகும்.

அரசுப் பள்ளி என்றால் எவை என்பதிலும் நிறையக் குழப்பம். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேர்த்தி. நம் பக்கம் உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்தில் இருக்கும் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் சேர்த்திதான். ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகள் இந்த 7.5 சதவீதத்தில் வராது. மதுரை டவுனுக்குள் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பல உதவிபெறும் பள்ளிகள்தான். "கவர்மெண்ட் சம்பளம் தர்ற பள்ளிக்கூடம்தானே" என்று நினைத்து ஏமாந்து வருகிறவர்கள் அதிகம். அந்தப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் மாதத் தொகைகள் மட்டும் 2024-25 முதல் கிடைக்கின்றன.

மஞ்சப்பைப் பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே அரசுப் பள்ளி. அவளுக்குப் பொதுப் பட்டியலில் 173 ஒன்றும் பெரிதில்லை, 7.5 சதவீதப் பட்டியலில் அது நல்ல இடம். இரண்டு பட்டியலிலும் பெயர் வரும். அவள் அம்மாவிடம், "அக்கா, இந்த ஷீல்டுகளவிட நீங்க புள்ளைய அதே பள்ளிக்கூடத்துல விட்டீங்க பாருங்க, அதுதான் இப்ப கைகொடுக்குது" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கட்டண விவரத்தைக் காட்டியதும்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பள்ளியில் இருக்கும்போதே எழுதவேண்டிய தேர்வுகள்

பணமாக வரும் விருதுகள் பெரும்பாலும் தேர்வு எழுதி வாங்குபவை. பள்ளித் தலைமையாசிரியர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பள்ளியில் கேட்காமல் இருந்தால் தெரியாமலே போய்விடும்.

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000, நான்கு வருஷத்துக்கு 48,000. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் தொடரும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. மனத்திறன் பகுதியில்தான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். எண் தொடர், உருவ ஒப்புமை மாதிரியான கேள்விகளைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கமாட்டார்கள். பழைய வினாத்தாளை வைத்துத் தினம் அரை மணி நேரம் போட்டுப் பழகினால் மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ட்ரஸ்ட் என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். வருவாய் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். தொகை சிறிதுதான், வருஷத்துக்கு 1,000. ஆனாலும் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட அளவில் போட்டியிட்ட பழக்கம் வரும்.

இன்னும் இரண்டு தேர்வுகள். பிளஸ் ஒன்னில் எழுதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எல்லா வகைப் பள்ளிகளுக்கும் உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்வி. 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷத்துக்கு மாதம் 1,500 தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. தமிழில் 96 எடுக்கிற பிள்ளைக்குக் கட்-ஆஃபில் அந்த 96 ஒரு பைசா பெறாது. இந்தத் தேர்விலோ அதற்கு 36,000 கிடைக்கும். மஞ்சப்பைப் பிள்ளை இதை எழுதவே இல்லை. கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றாள். எனக்கு அதுதான் மிகவும் வருத்தம்.

மற்றது முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. எந்த வகுப்பில் எழுதுவது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். 500 பையன்கள், 500 பெண்கள். தேர்ந்தெடுக்கப்பட்டால் வருஷம் 10,000, இளநிலைப் பட்டம் முடியும்வரை. பள்ளியோடு நின்றுவிடாமல் கல்லூரிக்கும் கூடவே வரும் தொகை என்பதால் இதைத் தவறவிடாதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால், மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாளில் கூட்டிப்போங்கள். ஒரு நாள் அங்கே உட்கார்ந்து படிக்கும் மற்ற பிள்ளைகளைப் பார்த்தாலே ஒரு வேகம் வரும்.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே கிடைக்கும் உதவித்தொகை

தனியாகத் தேர்வு எழுதாமல், வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே தருபவை இவை. இவற்றைக் கல்லூரியில் சேர்ந்தபின் தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் மற்ற அரசுத் தளங்களிலும் நாமே போட வேண்டும். யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு, பிளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். முதல் மூன்று வருஷம் 12,000 வீதம், பொறியியல் போல நான்காவது வருஷம் இருந்தால் அந்த வருஷம் 20,000. பாதி இடம் பெண்களுக்கு. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கிக்கொண்டு இதையும் வாங்க முடியாது. கட்டணமே அரசு கட்டுகிறது என்றால் அதை விட்டுவிட்டு இதற்கு ஓடக்கூடாது. புதுமைப் பெண் தொகையை மட்டும் மற்ற உதவித்தொகை வாங்குகிறவர்களும் வாங்கலாம்.

மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை பற்றி நம் பக்கம் பேசுகிறவர்களே குறைவு. பிளஸ் டூவில் மேல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்ந்தால் வருஷத்துக்கு 80,000 வரை கிடைக்கும், அதிகபட்சம் ஐந்து வருஷம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கிடையாது. நன்றாகப் படிக்கிற பிள்ளை "எனக்கு பிசிக்ஸ்தான் பிடிக்கும்" என்று சொன்னால், வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அமெரிக்கன் கல்லூரி, மதுரா கல்லூரி, தியாகராஜர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா என்று அடிப்படை அறிவியலுக்கு இத்தனை கல்லூரிகள் மதுரையிலேயே இருக்கின்றன. அங்கெல்லாம் அரசு உதவிபெறும் எய்டட் பிரிவில் கட்டணம் குறைவு, செல்ஃப் பைனான்ஸ் பிரிவில் கூடுதல். மதிப்பெண் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு முதலில் எய்டட் பிரிவைக் கேளுங்கள். இன்ஸ்பையர் தொகை கைக்கு வந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பும்.

பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேரும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை வருஷம் 50,000. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு மட்டும். மதிப்பெண் வரிசைப்படி தேர்வு.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் தரும் முதல் பட்டதாரிச் சலுகை மதிப்பெண்ணைச் சேர்ந்ததல்ல, ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக்கூடாது. கலந்தாய்வு மூலம் எடுத்த சீட்டுக்குத்தான் செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றிதழைக் காட்டினால் பயனில்லை. 7.5 சதவீதமும் அப்படித்தான்.

ஐஐடி, என்ஐடி என்று கனவிருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். ஜேஇஇ ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதமோ மேல் 20 சதவீதத்துக்குள்ளோ இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 65. அரசுப் பள்ளியில் படித்து அங்கே சேர்கிறவர்களின் படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கிறது.

தனியார் கல்லூரி தரும் 'மெரிட் ஸ்காலர்ஷிப்'

ஏப்ரல் முதலே போன் வர ஆரம்பித்துவிடும். "உங்க பிள்ளைக்கு 50 சதவீதம் ஸ்காலர்ஷிப், நாளைக்குள்ள சேரணும்." இதில் சில நல்லவை. ஆனால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். சலுகை டியூஷன் கட்டணத்துக்கு மட்டுமா, பஸ், விடுதி, தேர்வுக் கட்டணத்துக்குமா? முதல் வருஷம் மட்டுமா, கடைசிவரையா? தொடர எவ்வளவு மதிப்பெண் எடுக்கவேண்டும், ஒரு பாடத்தில் அரியர் வந்தால் போய்விடுமா? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும்?

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மாவட்ட அளவில் வாங்கிய பரிசைக் காட்டி முழுச் சலுகையில் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடம் போனது. அடுத்த வருஷம் முழுக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தது. அவன் அப்பா சேரும்போது கொடுத்த ஆறு பக்கத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். ஐந்தாம் பக்கத்தில், பொடி எழுத்தில் அந்த நிபந்தனை இருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நீங்கள் அப்படி ஒரு தாளில் கையெழுத்திடுவதற்கு முன், அதைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலை.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு "சேர்ந்தால்தான் தருவோம்" என்று சொன்னால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதிப்படி அது தவறு. சரிபார்த்ததும் அசலைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

பதக்கமே கதவைத் திறக்கும் இடங்கள்

இவை குறைவு, ஆனால் இருக்கின்றன. விளையாட்டில் மாநில, தேசிய அளவில் சாதித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்விலும் அரசுக் கலைக்கல்லூரிகளிலும் தனி ஒதுக்கீடு உண்டு. பள்ளி ஆண்டுவிழாக் கோப்பை அதற்குப் போதாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்று, கேட்கும் படிவத்தில் கையெழுத்தோடு இருக்கவேண்டும். போட்டி முடிந்த வாரத்திலேயே அந்தப் படிவத்தை வாங்கிவிடுங்கள். நான்கு வருஷம் கழித்து அந்த அதிகாரியைத் தேடி அலைவது பெரும் பாடு. என்சிசி ஏ சான்றிதழுக்கும் அரசுக் கலைக்கல்லூரியில் சிறப்புப் பிரிவு உண்டு.

சென்னை ஐஐடி 2024 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கும், 2025 முதல் கலையிலும் அறிவியல் ஒலிம்பியாடிலும் சிறந்தவர்களுக்கும் தனிச் சேர்க்கை நடத்துகிறது. அங்கே கணக்கில் வரும் ஒலிம்பியாட் வேறு, வகுப்பில் பணம் கட்டி எழுதி எல்லோரும் தங்கப் பதக்கம் வாங்கும் தனியார் தேர்வு வேறு. முன்னது, கணிதத்துக்கான ஐஓக்யூஎம் போன்ற முதல் கட்டத் தேர்வில் ஆரம்பித்துத் தேசிய அளவில் வடிகட்டிப் போகும். கணிதத்தில் உண்மையான பித்து இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கட்டணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

தாள் வேலை

இதில்தான் பணம் வராமல் நிற்பதை நான் அதிகம் பார்க்கிறேன். மதிப்பெண் இருக்கும், தகுதி இருக்கும், இன்ஷியல் இருக்காது.

பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. வங்கிப் புத்தகத்தில் இன்ஷியலே கிடையாது. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கும்போதே, ஆதாரையும், பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தப்பிருந்தால் அப்போதே திருத்துங்கள். எமிஸில் 6 முதல் 12 வரை ஒவ்வொரு வருஷமும் எந்தப் பள்ளி என்று சரியாக ஏறியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். 7.5 சதவீதத்துக்கு அதுதான் ஆதாரம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். இ-சேவையில் ஒன்றுக்கு 60 ரூபாய். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் மலைபோல விண்ணப்பம் குவிந்துவிடும். பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. அந்தப் பதிவில் கொடுக்கும் கைபேசி எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும். மையத்துக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. நானே இருந்தாலும் என் எண்ணைக் கொடுக்கமாட்டேன்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கவேண்டும். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆதாருக்கு வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ (சீடிங் என்பார்கள்) அதில்தான் விழும். ஒரு பெண்ணுக்கு எட்டு மாதப் புதுமைப் பெண் பணம் வரவில்லை என்று அலைந்தோம். கடைசியில் அவள் மறந்தே போயிருந்த ஒரு பழைய கணக்கில் 8,000 ரூபாய் விழுந்து கிடந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலையை ஓடிபி போட்டு இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது வெளிச்சம் பட்டு முத்திரை தெரியாமல் போகும், பின்னால் ஏதாவது எழுத வேண்டியிருந்தால் முடியாது. பிளாஸ்டிக் உறைபோட்ட ஒரு ஃபைல் போதும். தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றையும் பள்ளியை விட்டு வரும்போதே வாங்கி அதில் வையுங்கள். பின்னால் அரசு வேலைத் தேர்வுக்குக் கேட்பார்கள்.

கல்லூரியில் சேர்ந்தபிறகு

முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கும் அலுவலர் யார் என்று கேட்டு, கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்ணான யூமிஸ் எண் போட்டாயிற்றா என்று பாருங்கள். நாம் ஆன்லைனில் போட்டதைக் கல்லூரி சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே போகும். அங்கே நின்றுவிட்டால் நமக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதல் வருஷம் வாங்கிவிட்டு இரண்டாம் வருஷம் மறந்தவர்கள் கணிசம்.

மஞ்சப்பைப் பிள்ளைக்கு மதுரைக்குப் பக்கத்திலேயே 7.5 சதவீதத்தில் சீட் கிடைத்தது. இந்த ஜூலையில் அவளே வந்தாள், அம்மா வரவில்லை. புது வருமானச் சான்று போடவேண்டும் என்றாள். கூடவே பிளஸ் ஒன் படிக்கும் தம்பியைக் கூட்டிவந்திருந்தாள். தமிழ்த் திறனறித் தேர்வுக்குப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டானாம். ஆதாரில் அவனுக்கு இன்ஷியல் இல்லை, முதலில் அதைச் சரிசெய்துவிடலாம் என்று உட்கார வைத்தேன்.